காலி என்று எடைக்குப் போன ஏழு சிலிண்டர்கள்: அவனியாபுரம் ஷெட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை அவனியாபுரத்தில் கல்யாண சமையல் எடுத்து நடத்திய ஒருவர் இறந்து மூன்று வருடம் பூட்டிக் கிடந்த தகரக் கொட்டகை. வீட்டை விற்கப் பேச்சு வந்ததும் மகன் பழைய இரும்புக்கடைக்குச் சொல்லிவிட்டார். அண்டா, கரண்டி, இரும்பு அடுப்பு எல்லாம் தராசில் ஏறிய பிறகு மூலையில் சாக்கு மூடிக் கிடந்தவை ஏழு சிலிண்டர்கள். எடைக்கு வந்தவர் ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லண்ணே, வெறும் காத்துதேன்" என்றார். சித்திரை மாதம், மத்தியானம் பன்னிரண்டரை மணி.

ஏழும் ஒரே சாதி இல்லை. ஆய்வுக்கு இதை எடுத்ததற்குக் காரணமே அதுதான். இரண்டு சிவப்பு 14.2 கிலோ, ஒரே கம்பெனி, ஏஜென்சி புத்தகமும் டெபாசிட் ரசீதும் இருந்தன. மூன்றாவதும் சிவப்பு 14.2 கிலோதான், ஆனால் வேறு கம்பெனி, ஒரு காகிதமும் இல்லை. நான்காவது நீல நிற 19 கிலோ வணிக சிலிண்டர். ஐந்தும் ஆறும் தலையிலேயே பர்னர் திருகி வைக்கிற சின்ன சிலிண்டர்கள். பாத்திரக்கடையில் வாங்கியவை, மேலே எந்தக் கம்பெனி பெயரும் இல்லை. ஏழாவது இளம்பச்சை நிறத்தில் ஒரு டப்பா. அதையும் சமையல் கேஸ் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். அது ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு.

தவறு சின்ன சிலிண்டரில் தொடங்கியது. பெரியதை இரும்புக்கடைக்காரர்களே இப்போது தொடத் தயங்குகிறார்கள். கம்பெனி முத்திரை போலீஸ் கேஸில் கொண்டுபோய் விடும் என்று தெரியும். சின்னதற்கு அந்தப் பயம் கிடையாது. மேலே இருப்பது பித்தளை வால்வு. பித்தளை கிலோ விலை இரும்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதனால் வால்வைத் தனியாகக் கழற்றி, உடம்பைத் தனியாக இரும்பில் போடுவதுதான் தொழில் வழக்கம். சிலிண்டர் விபத்துகளைப் பற்றிப் பேசும்போது ட்யூப், ரெகுலேட்டர் என்றே பேச்சு போகும். பழைய சிலிண்டரைப் பொறுத்தவரை ஆபத்து வருகிற வழி இந்தக் கால் கிலோ பித்தளை.

கூட வந்த பையன் சிலிண்டரைத் திண்ணையில் படுக்க வைத்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பைப் ரெஞ்சைப் போட்டுத் திருப்பினான். முதலில் அசையவில்லை. ரெஞ்சுக்குப் பின்னால் ஒரு குழாயைச் செருகி மிதித்தான். முக்கால் சுற்று வந்ததும் சீறல். காற்று மாதிரி இல்லை, வெள்ளைப் புகை மாதிரி பீய்ச்சியது. கையில் பட்ட இடம் வெளுத்து மரத்துப்போனது. வால்வைச் சுற்றி, அந்த வெயிலிலும், பொடி உப்பு தூவியது போல வெண்பனி படிந்தது. பையன் கையை உதறிவிட, சிலிண்டர் திண்ணையிலிருந்து உருண்டு வாசலில் விழுந்தது.

அந்தப் பனியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. நிற்கும்போது திரவம் அடியிலும் ஆவி மேலேயும். படுக்க வைத்தால் வால்வு வாயில் திரவமே வந்து நிற்கும். ஆவியாக வெளியேறினால் ஒரு நிமிடத்துக்குப் போகும் கேஸ், திரவமாகப் பீய்ச்சினால் பல மடங்கு அதிகம். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் ஆவியாக விரியும். விரிவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பித்தளையிலிருந்தும், பக்கத்துக் காற்றிலிருந்தும், கையிலிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். பனி தெரிந்தாலே உள்ளே திரவம் மிச்சம் இருக்கிறது, சிலிண்டர் காலி இல்லை என்று அர்த்தம்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்ததில் பாதி சரி, பாதி தப்பு. எதிர் வரிசையில், இருபது அடி தள்ளி, ஒரு இட்லிக்கடை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடைக்கார அம்மா வாசனை வந்த உடனே அடுப்பை அணைத்தார். அன்றைக்கு உயிர்களைக் காப்பாற்றியது அதுதான். வீட்டுக்குள் ஒருவர் நாற்றம் போகட்டும் என்று ஃபேன் சுவிட்சைப் போட ஓடினார். இன்னொருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். சுவிட்சுக்குள் வரும் பொறி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போதும். அந்த நேரத்தில் போடுவதும் தப்பு, ஏற்கெனவே ஓடுவதை அணைப்பதும் தப்பு. யாரோ ஈரச் சாக்கைக் கொண்டுவந்து சிலிண்டர் மேல் போட்டார்கள். எரிகிற சிலிண்டர் வாயை மூட ஈரச் சாக்கு உதவும். தீயணைப்புத் துறை ஒத்திகையில் அதைத்தான் காட்டுவார்கள். எரியாமல் கசிவதற்கு அதனால் பயனில்லை. சிந்திய திரவத்தின் மேல் தண்ணீர் பட்டால் வெப்பம் கிடைத்து இன்னும் வேகமாக ஆவியாகும். போட்டவர் அதற்காகக் கிட்டேயும் போனார்.

செய்ய வேண்டியதைக் கடைசியில் பக்கத்து வீட்டு ஓட்டுநர் செய்தார். காற்று வரும் திசையிலிருந்து போய், சிலிண்டரை நிமிர்த்தி வால்வு மேலே இருக்கும்படி நிறுத்தினார். பீய்ச்சல் உடனே சீறலாக இறங்கியது. கிட்டப் போவதற்கு வழி இருந்து, நெருப்பு இல்லை என்றால் மட்டும் இதைச் செய்யலாம். இல்லையென்றால் விலகி நின்று 101-ஐயோ 112-ஐயோ கூப்பிடுவதுதான். கம்பெனி சிலிண்டர் கசிவுக்கு 1906, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் கவனிக்கவில்லை: வாசல் சாக்கடை. கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி ஓடும். திறந்த வாறுகால் வழியே நாலு வீடு தள்ளிப்போய் ஒரு குளியலறை வெந்நீர் அடுப்பில் பற்றியிருக்கலாம். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் பார்த்தது சாக்கடையைத்தான். அதன் ஓரமாக எல்லாரையும் விலக்கி, தண்ணீரைத் திவலையாக அடித்து ஆவியைக் கலைத்தார்கள். சிலிண்டரை ஆளில்லாத பொட்டலில் நிறுத்தி, சீறல் தானாக அடங்கும்வரை காவல் நின்றார்கள்.

சீறல் அடங்கியது. இனி வெட்டலாமா என்று இரும்புக்கடைக்காரர் கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் விரிவான பதில் வேண்டும். ஊரில் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கணக்குக்குப் பெரிய சிலிண்டரையே எடுத்துக்கொள்வோம். 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33 லிட்டர். சீறல் நின்றுவிட்டது என்றால் உள்ளே உள்ள அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமமாகிவிட்டன, அவ்வளவுதான். 33 லிட்டர் முழுக்கக் கேஸ் ஆவி அப்படியே நிற்கிறது; எடை போட்டால் எழுபது கிராம் பக்கம் வரும். கேஸ் காற்றில் சுமார் 2 முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் பற்றும். நூற்றுக்கு நூறு கேஸ் இருக்கும் சிலிண்டருக்குள் பொறி விழுந்தாலும் எரியாது. அதனால்தான் நிறைந்த சிலிண்டர் உள்ளுக்குள் வெடிப்பதில்லை. வால்வைக் கழற்றிய துளை வழியாகக் காற்று நுழைந்து, கேஸ் வெளியேற வெளியேற, உள்ளே இருக்கும் கலவை நூறிலிருந்து இறங்கி ஒரு கட்டத்தில் அந்த 9.5-க்கும் 2-க்கும் நடுவில் வந்து நிற்கும். அன்றைக்கே வரலாம், நாலு நாள் கழித்தும் வரலாம். கேஸ் கட்டிங் சுடர் அந்த நேரத்தில் பட்டால் சிலிண்டர் குண்டாகிவிடும். நேற்று ஒன்றை வெட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வெட்டிய நேரம் அந்த இடைவெளிக்கு வெளியே விழுந்தது.

தண்ணீர் நிரப்பி வெட்டும் முறை ஒன்று பட்டறைகளில் உண்டு. தத்துவம் சரி: தண்ணீர் ஆவியை வெளியே தள்ளிவிடும். ஆனால் நிரப்புவதற்கு முதலில் வால்வைக் கழற்ற வேண்டும், கழற்றுவதில்தான் மேலே சொன்ன விபத்து. வால்வு கூம்பு மரையில் இறுக்கி ஏற்றப்பட்டது. கேஸ் அடைக்கும் பிளான்ட்டில் அதற்கென்று சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும் இயந்திரம் இருக்கிறது. அப்படியே நிரப்பினாலும் சிலிண்டர் சாய்ந்தால் தோளில் ஒரு கை அளவு காற்றுப்பை நின்றுவிடும். அடியில் படியும் எண்ணெய்க் கசடு சுடர் பட்டதும் மறுபடி ஆவி விடும். வீட்டிலோ இரும்புக்கடையிலோ செய்யும் வேலை இல்லை.

மற்ற ஆறையும் அன்று மாலையே வெளியே எடுத்து, வேப்பமர நிழலில், நிமிர்த்தி, ஒன்றுக்கொன்று இரண்டடி விட்டு நிறுத்தினார்கள். தகரக் கூரைக்குக் கீழே கத்திரி வெயிலில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு வால்விலும் சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் காகிதம் இல்லாத சிவப்பு சிலிண்டரில் மட்டும் மெல்லிய குமிழ். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. கழுத்தில் நூலோடு தொங்கும் வெள்ளை மூடியை வால்வு மேல் வைத்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தியதும் குமிழ் நின்றது. அந்த மூடி இதற்காகவே இருக்கிறது. பல வீடுகளில் சிலிண்டர் வந்த அன்றே அறுத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

பிறகு கொக்கித் தராசு. கைப்பிடி வளையத்தைக் கழுத்தோடு இணைக்கும் பட்டைகளில் ஒன்றில் வெற்று எடை அடித்திருக்கும், இன்னொன்றில் சோதனைத் தவணை: ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து, பக்கத்தில் வருடம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர்.

முதல் சிவப்பு: முத்திரை 15.6, தராசு 15.7. நூறு கிராம் மிச்சம். இரண்டாவது: முத்திரை 15.3, தராசு 16.7. ஒரு கிலோ நானூறு கிராம் உள்ளே இருக்கிறது! ஆவியானால் 650 லிட்டருக்கு மேல். பத்துக்குப் பத்து அறை ஒன்றைத் தரை முதல் கூரை வரை பற்றக்கூடிய கலவையாக்க அது போதும். இதைக் 'காலி' என்று மாற்றி வைத்தது சமையல்காரரின் கவனக்குறைவு இல்லை. பெரிய பட்டி அடுப்பை ஒற்றைச் சிலிண்டரில் போட்டால், கேஸ் ஆவியாகும் வேகத்தைவிட அடுப்பு இழுக்கும் வேகம் அதிகம். சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும், உள் அழுத்தம் விழும், தீ சுருங்கும். தீர்ந்துவிட்டது என்று அடுத்ததை மாட்டிவிடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே சிலிண்டர் எரியும். கல்யாண சமையல் ஷெட்டில் கிடக்கும் காலி சிலிண்டர் எதையும் தராசில் தொங்கவிடாமல் நம்பக் கூடாது. (வீட்டு சிலிண்டர் கல்யாண சமையலுக்கு எப்படிப் போனது என்பது வேறு விவகாரம். சட்டப்படி போகக் கூடாது, ஊரறிய போகிறது.)

மூன்றாவது, வாஷர் போன சிவப்பு, வேடிக்கையானது. முத்திரை 15.9, தராசு 15.1. உள்ளே கேஸ் கொஞ்சம் இருந்தும் வெற்று எடையைவிட 800 கிராம் குறைவு. சாய்த்துப் பார்த்தால் விஷயம் தெரிந்தது: அடி வளையம் பாதிக்குமேல் துருவில் கரைந்து, கை வைத்தால் செதில் செதிலாக உதிர்ந்தது. ஈரத் தரையில், உப்புத் தண்ணீரில் மூன்று மழைக்காலம். தவணை டி-08. கேஸ் சிலிண்டர் விதிகளின்படி வெற்று எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்த சிலிண்டரில் மறுபடி கேஸ் அடைக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும். 15.9-க்கு 5 சதவீதம் 795 கிராம். கோட்டை ஐந்து கிராமில் தாண்டியது என்று சிரிக்க வேண்டாம். உள்ளே இருந்த கேஸையும் கழித்தால் உண்மையான இழப்பு இன்னும் கூடுதல்.

நீல வணிக சிலிண்டரில் அரைக் கிலோ மிச்சம். மீதி இருந்த சின்ன சிலிண்டரில் எடை முத்திரையே இல்லை, தராசு இருந்தும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இனி எது எங்கே போகிறது என்பது. கம்பெனி பெயர் பொறித்த சிலிண்டர் எதுவும் வீட்டுக்காரருடையது இல்லை. டெபாசிட் கட்டி வைத்திருப்பது, உடைமை எண்ணெய் நிறுவனத்தினுடையது. அதனால் விற்கவும் முடியாது, எறியவும் முடியாது, திருப்பித்தான் கொடுக்க முடியும். புத்தகம் இருந்த இரண்டுக்கும் வேலை சுலபம். மகன் டெபாசிட் ரசீது, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், தன் ஆதார், ரெகுலேட்டர், இரண்டு சிலிண்டர் என எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போனார். இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றியிருக்கலாம், அவருக்கு வேண்டாம். சரண்டர் செய்ததற்கு முடிப்பு ரசீது கிடைத்தது. ரசீது 2016-இல் போட்டது என்பதால் சிலிண்டருக்கு 1,450 வீதம் 2,900, ரெகுலேட்டருக்கு 150, ஆக 3,050 ரூபாய் திரும்பியது. 2022 ஜூனில் டெபாசிட் 2,200 ஆகவும் ரெகுலேட்டர் 250 ஆகவும் உயர்ந்தது. ஆனால் திரும்பக் கிடைப்பது அன்று கட்டிய தொகைதான். உயர்ந்த தொகை வேண்டும் என்று கவுண்டரில் சண்டை போடுவதில் பயன் இல்லை. இரும்பு எடைக்குப் போட்டிருந்தால் கிடைத்திருப்பது இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ரசீது தொலைந்திருந்தாலும் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து முடிக்கலாம், நாலு நடை கூடும்.

நீல சிலிண்டரும் அதே வழிதான், வணிக இணைப்பு கொடுத்த ஏஜென்சிக்கு. காகிதமில்லாத சிவப்புதான் இழுத்தடித்தது. அந்தக் கம்பெனியின் பக்கத்து ஏஜென்சியில், எங்கள் சிலிண்டர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை ஒரு கடிதத்தோடு போனார்: சிலிண்டரின் வரிசை எண், வெற்று எடை, சோதனைத் தவணை, எங்கே எப்போது கிடைத்தது, பணம் எதுவும் கேட்கவில்லை என்ற ஒரு வரி, வாஷர் கசிவு, துரு பற்றிய குறிப்பு. இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார். எண்ணெய் நிறுவனங்களின் உதவி எண் 1800 2333 555-இல் புகார் எண் ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தது உதவியது. பணம் கேட்கவில்லை என்ற வரிதான் கதவைத் திறந்தது என்று சொல்ல வேண்டும்.

கொண்டுபோனது திறந்த லோடு ஆட்டோவில், நிமிர்த்தி, கயிறு கட்டி, வெள்ளை மூடி போட்டு. கார் டிக்கியில் படுக்க வைத்துப் போகக் கூடாது. பஸ், ரயில் பேச்சே இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலைய யார்டில் நின்ற லக்னோ சுற்றுலாப் பெட்டியில், உள்ளே மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரால் ஒன்பது பேர் கருகியது இந்த ஊருக்கு மறந்திருக்காது.

பிளான்ட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் வீட்டில் செய்யும் ஆசை போய்விடும். மிச்ச கேஸை மூடிய குழாய்வழி உறிஞ்சி எடுத்து, இயந்திரத்தில் வால்வைக் கழற்றி, உள்ளே ஆவி இல்லை என்று கருவியால் அளந்த பிறகே மேலே போவார்கள். உடம்பு நன்றாக இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதிப்பார்கள். தேறாததை முழுசாக நசுக்கித் தட்டையாக்க வேண்டும், அல்லது திரும்ப ஒட்டிச் சிலிண்டராக்க முடியாதபடி துண்டு போட வேண்டும்; விதியே அப்படித்தான் சொல்கிறது. முழு உருவத்தோடு ஒரு கம்பெனி சிலிண்டர் இரும்புக்கடையில் நின்றால் அது முறையான வழியில் வந்திருக்கவே முடியாது.

ஆர்-22 தனிக்கதை. அது பற்றாது, அதனால் பயமில்லை என்று நினைப்பது தப்பு. கட்டிங் சுடரில் சிதைந்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். திறந்துவிடுவதும் கூடாது, ஓசோனைத் தின்னும் சரக்கு. 2030-க்குள் நாட்டில் ஏறக்குறைய முழுக்க நிறுத்தப்பட வேண்டியது. உறிஞ்சும் மெஷின் வைத்திருக்கும் ஏசி மெக்கானிக் ஒருவர் மிச்சத்தைத் தன் சிலிண்டருக்கு இழுத்துக்கொண்டார், அவருக்கு அது காசு. கேஜ் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய பிறகு வால்வைத் திறந்து வைத்து, டப்பாவில் துளை போட்டு, இரும்புக்குக் கொடுத்தார். ஏழில் நேர்மையாக இரும்புக்கடைக்குப் போனது அது ஒன்றுதான்.

சின்ன சிலிண்டர்கள் இரண்டும் பதினேழு நாள் வேப்பமரத்தடியில் நின்றன. எந்த ஏஜென்சியும் எடுக்கவில்லை. எடுக்க அவர்களுக்குக் கடமையும் இல்லை. எண்ணெய்க் கம்பெனிகளின் ஐந்து கிலோ சிலிண்டர் என்றால் விற்ற இடத்திலேயே திரும்ப வாங்குவார்கள். இவை முத்திரையோ, சோதனைத் தேதியோ, முகவரியோ இல்லாத பிள்ளைகள். மாநகராட்சிக் குப்பை வண்டியில் போட்டிருந்தால் வெள்ளைக்கல் கிடங்கு போகும் வழியிலேயே நசுக்கும் வண்டிக்குள் மாட்டியிருக்கும். வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொன்னபடி வெடிபொருள் பாதுகாப்புத் துறை அங்கீகாரம் பெற்ற எல்.பி.ஜி. சிலிண்டர் சோதனை நிலையம் ஒன்றுக்குப் பேசி, கூலி கொடுத்துத்தான் அனுப்ப முடிந்தது. ஏற்கெனவே வால்வு தளர்ந்து அடங்கியதையும் அப்படியே, நிமிர்த்தியபடி, கை வைக்காமல் கொடுத்தார்கள். பாத்திரக்கடையில் வாங்கியபோது கொடுத்த காசைவிட அழிக்கக் கொடுத்த காசு அதிகம். மகன் நசுக்கிய பிறகு எடுத்த படத்தையும் ரசீதையும் ஒரு கவரில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தார். வீடு வாங்க வந்தவர் ஷெட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது சிலிண்டர் எல்லாம் எங்கே போயிற்று என்றுதான்.